தீயைப் பற்றி வாசிக்க ஏற்ற இடம் கொள்முதல் நிலையம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுத்தீ, சுற்றுச்சூழல் பேணல் என்ற பொருளில் டெல்டா மாவட்ட நூலகங்களில் கூட்டு வாசிப்பு நடத்தலாம் என்று வாசகர் வட்டங்களில் பேச்சு நடக்கிறது. காவிரிப் படுகையில் காடு எங்கே இருக்கிறது, இதைத் தேனிக்காரர்களும் நீலகிரிக்காரர்களும் அல்லவா வாசிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, எப்படி நடத்தினால் இது ஊருக்குப் பயன்படும், எங்கே சறுக்கும் என்பதையும் எழுதுகிறோம். கடிதம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

ஓர் ஊரே ஒரு நூலை ஒரே காலத்தில் வாசித்து, கூடி உட்கார்ந்து பேசுகிற முறை 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் தொடங்கியது. பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. ஆண்டுதோறும் காடு எரிகிற மேற்கு மாநிலங்களில் தீயைப் பற்றிய நூல்களை எடுத்துக்கொள்வது இயல்பு. அந்த முறையை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய நூல் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்தால்தான் கெட்டுப்போகும். பைன் மரத்தையும் மலைச்சரிவையும் பற்றி இருபது பக்கம் வாசித்துவிட்டு வெளியே வந்தால் எதிரே இருப்பது வைக்கோல் போரும் கீற்றுக் கொட்டகையும்.

நம்மிடம் எரிவது என்ன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். தை, மாசியில் மெஷின் அறுத்துப் போட்ட வயல்களில் அரிதாளும் (அறுத்த பின் நிற்கும் அடித்தாள்) வைக்கோல் வரிசையும் எரிகின்றன. பங்குனி, சித்திரையில் கொள்ளிடக் கரைப் படுகைகளில் நாணலும் கோரையும் எரிகின்றன. பனந்தோப்புகளில் காவோலை கழிக்காத மரங்களில் தீ அடியில் பிடித்து, தொங்கும் ஓலை வழியே ஏறி, உச்சியில் போய் நின்றுகொள்கிறது. கடலோரச் சவுக்குத் தோப்புகளில் ஒரு சாண் கனத்துக்குச் சருகு கிடக்கிறது. வாய்க்கால் முடியும் கடைமடையில் சாகுபடி விட்டுப்போன தரிசுகளில் இடுப்பளவு புல். கோடியக்கரையில் 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இருக்கிறது. அது வறண்ட பசுமைமாறாக் காடும் வெளிமான் மேயும் புல்வெளியும் சேர்ந்த இடம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை தோப்புகள் சாய்ந்தன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாய்ந்த மரம் காய்ந்தால் விறகு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நமக்கேது காட்டுத்தீ என்று சொல்ல முடியாது.

காலம் அடுத்தது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. அணை மூடிய பத்து, பதினைந்து நாளில் கிளை வாய்க்கால்கள் வறண்டுவிடும். வயல் காய்வது, வாய்க்கால் வறள்வது, வெயில் ஏறுவது மூன்றும் ஒன்றாக வருகிற மாதங்கள் மாசியும் பங்குனியும். எனவே வாசிப்பு தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் தொடங்கி ஆறு வாரத்தில் முடிய வேண்டும். சுற்றுச்சூழல் நாள் ஜூன் மாதம் வருகிறது என்பதற்காக ஜூனில் வைப்பது, எரிந்து முடிந்த பிறகு ஏணி தேடுகிற வேலை. மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிட்டால் மாணவர்களும் ஆசிரியர்களும் கிடைக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம்.

ஆனால் தை, மாசியில் விவசாயி நூலகத்துக்கு வருவாரா? வர மாட்டார். அறுவடை, தூற்றல், நெல் போடல் என்று அலைவார். இந்த முரண்பாட்டுக்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை உலகுக்குத் தந்த அதே 1931இல்தான், மன்னார்குடியிலிருந்து மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகும் நடமாடும் நூலகம் புறப்பட்டது. நூல் இருக்கிற இடத்துக்கு ஆள் வரவில்லை என்றால், ஆள் இருக்கிற இடத்துக்கு நூல் போகட்டும். அந்த இரண்டு மாதமும் ஆள் இருக்கிற இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். குவியலைக் காத்துக்கொண்டு, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் இரவும் பகலும் உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். சுமை தூக்குவோர், டிராக்டர் ஓட்டுநர்கள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்த அறுப்பு மெஷின் ஓட்டுநர்கள், வைக்கோல் வாங்க வரும் வியாபாரிகள் எல்லாரும் அங்கே வந்து போகிறார்கள். தீ எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் முக்கால்வாசிப் பேர் ஒரே திடலில்.

ஆகவே ஆறு அமர்வில் நான்கையாவது கொள்முதல் நிலையத் திடலிலும் இரண்டை நூலகத்திலும் வைக்கலாம். மாலை 6.30க்குத் தொடங்கி 8 மணிக்கு முடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள், கொசுவும் விடாது. வாசிப்புப் பகுதி எட்டுப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. தெளிவாக உரக்க வாசித்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம் ஆகும். எட்டுப் பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். எழுத்து 16 புள்ளி அளவில் இருந்தால் மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் படிக்கலாம். இருபத்தைந்து பேருக்குப் பத்து நகல் போதும். மூன்று பேருக்கு ஒன்று என்றால் பக்கத்தில் இருப்பவரும் பார்த்துக்கொள்வார், படிக்கத் தெரியாதவர் தனித்துத் தெரிய மாட்டார். இது சின்ன விஷயம்போலத் தோன்றும்; தலைக்கு ஒரு நகல் கொடுத்து "எல்லாரும் மனதுக்குள் படியுங்கள்" என்று சொன்ன கூட்டத்துக்கு மறுவாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். நகல் எடுக்கும் செலவு ஓர் அமர்வுக்கு நூற்றைம்பது ரூபாய்க்குள் அடங்கும். வீட்டு வரியோடு ஒரு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக எல்லாரும் கட்டுகிறோம். இந்தச் செலவைக் கேட்க நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

வாசித்த பிறகு பத்து நிமிடம் கேள்விகள். பிறகு அரை மணி நேரம் அந்த ஊருக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற பேச்சு. கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரே ஒரு வேலையை முடிவு செய்து, யார் எப்போது செய்வது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒன்றுதான். மூன்று எழுதினால் ஒன்றும் நடக்காது.

முதல் வாரம் வைக்கோலைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. எல்லாரும் பேசக்கூடிய பொருள், எல்லாரும் கோபப்படக்கூடிய பொருளும் அதுவே. துண்டறிக்கைகளில் ஒரு டன் வைக்கோலை எரித்தால் இத்தனை கிலோ தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) வீண் என்று மொத்தமாக அச்சிடுகிறார்கள். உடனே ஒரு விவசாயி, "சாம்பல் வயலிலேதானே கிடக்கு, சாம்பல்சத்து எங்கே போச்சு?" என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வைக்கோலை எரித்தால் தழைச்சத்து ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும். மணிச்சத்தில் கால் பங்கும் சாம்பல்சத்தில் ஐந்தில் ஒரு பங்கும்தான் போகும். மிச்சச் சாம்பலும் மேல்காற்றில் பறந்து அடுத்த வயலுக்கோ வாய்க்காலுக்கோ போகலாம் என்பது வேறு கணக்கு. ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்றால் 10 முதல் 16 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டையில் பாதியிலிருந்து முக்கால் வரை. இந்தக் கணக்கைக் கூட்டத்திலேயே ஒரு மாணவரை விட்டுப் போடச் சொல்லலாம். அச்சடித்த எண்ணைவிடக் கண்ணெதிரே போட்ட கணக்கை நம்புவார்கள்.

எரிப்பவர் ஏன் எரிக்கிறார் என்பது அதைவிட முக்கியம். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிப்பது நம் பழக்கம். கை அறுப்பில் அது சரியாக வந்தது. மெஷின் ஓடினால் சக்கரம் முளையை மிதிக்கிறது. மெஷின் வரிசையாகக் கொட்டிப்போகும் வைக்கோலுக்கு அடியில் இருக்கும் விதை வெளிச்சம் காணாமல் வெளுத்துச் சாகிறது. அதனால் சிலர் அறுத்த பிறகு தெளிக்கிறார்கள். அப்போது வைக்கோல் வரிசை இடைஞ்சல். வைக்கோலை அள்ளிக் கட்டாக்கும் பேலர் மெஷின் வந்து கட்ட வேண்டுமானால் வைக்கோல் காய வேண்டும், மெஷின் சொந்தக்காரருக்கு நம் முறை வர வேண்டும். அதற்குள் மண்ணின் பதம் போய்விடும். தீக்குச்சி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. இந்த நெருக்கடியைப் பேசாமல் "எரிக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லும் வாசிப்பில் பயன் இல்லை. பேசினால் வழி கிடைக்கும். அறுப்பு மெஷின் எந்தத் தெருவின் வயலில் தொடங்கி எந்தப் பக்கம் போகிறதோ அதே வரிசையில் பேலரும் பின்னால் வருமாறு ஊரே சேர்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வரலாம். தனித்தனியாக அழைத்தால் பேலர்காரர் பெரிய பண்ணைக்குத்தான் முதலில் போவார். கட்ட வழியில்லாத இடத்தில் வரிசையைக் கையால் கலைத்து மெல்லியதாகப் பரப்பினாலே முளை மேலே வந்துவிடும், ஈரமும் கொஞ்ச நாள் நிற்கும்.

அரிதாளைத் தண்ணீர் கட்டி மடக்கி உழ நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பச்சை வைக்கோல் மக்கும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும். பயிர் பத்து, பதினைந்து நாள் மஞ்சளடித்து நிற்கும். "மடக்கி உழுதேன், பயிர் வெளுத்துப்போச்சு, அடுத்த வருஷம் கொளுத்திட்டேன்" என்பதன் காரணம் இதுதான். பசுந்தாள் உரம் போடாத வயலானால், முதல் சேற்றுழவின்போதே ஏக்கருக்குச் சுமார் 9 கிலோ யூரியா சேர்த்தால் இந்தப் பின்னடைவு குறையும்.

கூரையும் வைக்கோல் போரும் இரண்டாம் வாரப் பொருள். இங்கேதான் பெண்கள் பேச வேண்டும். மகளிர் குழுவினரையும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களையும் முன்கூட்டியே அழைத்துவிட வேண்டும். அடுப்புச் சாம்பலைக் காலையில் குப்பையில் கொட்டினால், உள்ளே இருக்கும் கங்கு மதியக் காற்றில் கண் விழிக்கும். மாட்டுக் கொட்டிலில் கொசுவுக்குப் போடும் மூட்டம் இரவெல்லாம் கனன்று, விடியலில் காற்றடிக்கும்போது வைக்கோலுக்குப் போகும். சாம்பலுக்கு ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். மூட்டம் போடுவதானால் மண் சட்டியில் போட்டு, மாட்டின் காலுக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். வைக்கோல் போர் வீட்டிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். மனை அவ்வளவு இல்லாதவர்கள் என்ன செய்வது? இரண்டு, மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து புறம்போக்குத் திடலில் போடலாம். அதற்கு ஊராட்சியின் ஒப்புதல் வேண்டும், ஊராட்சித் தலைவரைக் கூட்டத்துக்கு அழைக்க இது ஒரு காரணம்.

போர் தானாகவும் எரியும் என்பதைப் பலர் நம்புவதில்லை. நூற்றில் இருபது பங்குக்கு மேல் ஈரமுள்ள வைக்கோலை இறுக்கிப் போட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடாக்கும். தை மாத மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் கட்டிய உருளைக் கட்டுகளில் இது அதிகம். போட்ட இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை கவனிக்க வேண்டும். கடப்பாரையை நடுப்போரில் செருகி, கால் மணி நேரம் கழித்து இழுத்து, உள்ளே இருந்த பகுதியைப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் ஆபத்து தொடங்கிவிட்டது. புழுங்கிய வாடையோடு கருகல் வாடையும் வந்துவிட்டால் போரைப் பிரிக்கக் கூடாது. பிரித்தவுடன் காற்று புகுந்து குப்பென்று பிடிக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வந்த பிறகு பிரிப்பதுதான் சரி. எண் 101 அல்லது 112.

இந்த வாரத்தில் கும்பகோணத்தைப் பற்றிப் பேச்சு வரும். 2004 ஜூலை 16 அன்று சமையல் கொட்டகையின் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது அதன் பிறகுதான். அதை வாசிக்காமல் இருக்க முடியாது; ஆனால் முதல் வாரத்திலேயே அதைக் கொண்டுவந்து கூட்டத்தை அழ வைப்பது கூடாது. அந்தக் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் எரிந்த கூரைகள் எல்லாம் விபத்தால் எரிந்தவை அல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நாகை, திருவாரூர்ப் பக்கத்து வாசிப்பில் யாராவது ஒருவர் அதை எடுப்பார். "அது இன்றைய தலைப்பு இல்லை" என்று ஒருங்கிணைப்பாளர் வாயை அடைக்கக் கூடாது. மாடி வீடு யாருக்கு, கீற்று வீடு யாருக்கு, தீயணைப்பு வண்டி நுழையும் தெரு எது, நுழையாத தெரு எது என்பதெல்லாம் அதோடு சேர்ந்த கேள்விகள்தான்.

வண்டி நுழைவதைப் பற்றிச் சொன்னோம். மூன்றாம் வாரத்தில் வாசிப்பைக் குறைத்துக்கொண்டு ஊர்ப்படம் வரையலாம். தீயணைப்பு வண்டி பெரும்பாலும் 4,500 லிட்டர் தண்ணீரோடு வரும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் காலி. பிறகு எங்கே நிரப்புவது? மாசியில் வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. எந்தக் குளத்தில் பங்குனி வரை இடுப்பளவு தண்ணீர் நிற்கும், அதன் கரை வரை வண்டி போகுமா, எந்த வாய்க்கால் பாலம் பாரம் தாங்காது, எங்கே திருப்பலாம் என்பதைப் படத்தில் குறிக்க வேண்டும். மோட்டார் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் அது ஓடும். ஆயில் எஞ்சினும் நூறு அடி ஓஸும் யாரிடம் இருக்கின்றன என்று பெயர் எழுதி, படத்தை நூலகச் சுவரிலும் கொள்முதல் நிலையத்திலும் ஒட்டிவிட்டால் போதும்.

வைக்கோல் பாரம் ஏற்றிய லாரியும் இதே வாரத்தில் வர வேண்டும். தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டர் உயரத்திலும் வயல்வெளியில் 4.6 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. 4.6 மீட்டர் என்பது 15 அடி. லாரியில் ஏற்றும் வைக்கோல் பாரம் தரையிலிருந்து 15 அடியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. கம்பியோ கோடை வெயிலில் இன்னும் தாழ்கிறது. ஒரு மூங்கிலில் 15 அடிக்குச் சிவப்புத் துணி கட்டி, ஏற்றிய பாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் வந்தால் பாதி விபத்து குறையும். பாரத்தில் தீப் பிடித்துக்கொண்டால் தெருவுக்குள் நிறுத்தாமல் காலி வயலுக்கு ஓட்ட வேண்டும். அறுப்பு மெஷினிலும் ஆபத்து உண்டு. புகைபோக்கி, டர்போ பக்கம் சேரும் தூசும் பதரும் நாள்தோறும் காற்றடித்து ஊதப்பட வேண்டும். ஆறு கிலோ உலர் தூள் தீயணைப்பான் ஒன்று மெஷினிலேயே தொங்க வேண்டும்.

நான்காம் வாரம் படுகையும் தோப்பும். தமிழில் பழைய நம்பிக்கை ஒன்று, மூங்கிலோடு மூங்கில் உரசிக் காடு பற்றும் என்பது. ஆனால் நம் நாட்டில் காட்டுத்தீயின் பெரும்பங்கு மனிதர் வைத்தது அல்லது விட்டுச்சென்றது. நாணலை ஆடு மேய்ப்பவர் புதுத் தளிருக்காகக் கொளுத்தியிருக்கலாம், மீன் பிடிக்கப் போனவர் பீடியைப் போட்டிருக்கலாம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் கூட்டத்தில் உட்கார வைக்க முடிந்தால் நல்லது. ஆட்டுக் கிடை போடும் கீதாரிகள் படுகையில் எந்தப் புல் எப்போது காயும் என்று அறிந்தவர்கள், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. தரிசைச் சுற்றி ரோட்டவேட்டரை இரண்டு சுற்று ஓட்டினால் பத்து, பன்னிரண்டு அடிக்குத் தீத்தடுப்புக் கோடு கிடைக்கும். பனையில் காவோலையைக் கழித்து, கழித்த ஓலையை மரத்தடியிலேயே குவிக்காமல் அகற்ற வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

புல்தீயை அடிக்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று. கோடையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்ததும் கிழக்குக்கு மாறும். வேதாரண்யத்தில் மதியமே மாறிவிடும், உள்ளே மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கம் மாலையாகும். காலையில் தீக்குப் பின்னால் பத்திரமாக நின்றவர் மதியம் தீக்கு முன்னால் நிற்பார். அதனால் எரிந்து கருகிய பக்கத்தில் நின்று, ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும். ஈரச் சாக்கையோ வேப்பங்கொத்தையோ ஓங்கி அடித்தால் கங்கு பறக்கும். அமுக்கி இழுக்க வேண்டும். பாலியஸ்டர் லுங்கி வேண்டாம், அது உருகித் தோலோடு ஒட்டும். தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், மஞ்சளும் பற்பசையும் வேண்டாம். தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல் மூடிய சரிவில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நம்மிடம் சரிவு இல்லை. காய்ந்த புல்லும் திசை மாறும் காற்றும் இருக்கின்றன.

வெளியூர்த் தீக்களை ஐந்தாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்குள் கேட்பவர்களுக்குக் கண் திறந்திருக்கும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் அழிந்து 85 பேர் இறந்தார்கள். தீயைத் தொடங்கியது தேய்ந்துபோன ஓர் உயரழுத்த மின்கம்பிக் கொக்கி. வீடுகளில் பலவற்றைக் காற்றில் பறந்து வந்த கங்குகள் கொளுத்தின. கீற்றுக் கூரையுள்ள தெருவில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனாவில் நூறு பேர் வரை இறந்தார்கள். அந்த ஊரைச் சுற்றிக் கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் வெளியிலிருந்து வந்த புல் மண்டிக் காய்ந்து கிடந்தது, நாம் மாட்டுக்கு வளர்க்கும் கினியாப் புல்லும் அதில் ஒன்று. சாகுபடி விட்டுப்போன நிலம் சும்மா கிடக்காது என்பதற்குக் கடைமடைக்காரர்களிடம் வேறு சான்று வேண்டுமா?

எல்லாத் தீயும் கேடு என்ற முடிவுக்குக் கூட்டம் வந்துவிடாமல் இருக்கச் சோலிகர்களைப் பற்றி ஒரு பகுதி சேர்க்க வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் அவர்கள், சருகு குறைவாக இருக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே தாழ்ந்த தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்பார்கள். வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அது நிறுத்தப்பட்டது. பிறகு உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்பது அவர்கள் சொல்லும் குறை. ஆனால் இதைக் காட்டி வயல் எரிப்பை நியாயப்படுத்த யாராவது முயல்வார். காட்டுச் சருகைக் காலம் பார்த்துத் தாழ எரிப்பதும், பங்குனி மாதம் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கும் வயலைக் கொளுத்துவதும் வேறு வேறு.

கடைசி வாரம் கைபேசியில் வாசிப்பு. செயற்கைக்கோள் கண்ட சூட்டைப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் தீப்புள்ளி வரைபடத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், ஏறத்தாழ 35 ஏக்கர். புள்ளி விழுந்தால் 35 ஏக்கரும் எரிந்தது என்று பொருளில்லை. உள்ளே எங்கோ சூடு இருந்தது என்றுதான் பொருள். அந்தச் செயற்கைக்கோள் பகலில் 1.30 மணியளவில் ஒருமுறை கடக்கிறது; மாலை ஐந்து மணிக்குக் கொளுத்தி ஆறு மணிக்கு அணைந்த வைக்கோல் வரிசை அதில் தெரியாது. புள்ளி இல்லாத ஊர் எரிக்காத ஊர் ஆகிவிடாது.

கெட்டுப்போகும் வழிகள் சில. சால்வை, சிறப்பு விருந்தினர், குத்துவிளக்கு என்று போனால் முக்கால் மணி நேரம் அதிலேயே தீரும். கட்டுரைப் போட்டி வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் எழுதிப் பரிசு வாங்குவார்கள், மெஷின் ஓட்டுநர் தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். எரித்தவர் பெயரைச் சொல்லித் திட்டினால் அவரோடு அவர் தெருவும் வராது. வேளாண் அலுவலரையும் தீயணைப்பு வீரரையும் அழைக்கலாம், ஆனால் வாசிப்பு முடிந்து, கேள்விகள் எழுந்த பிறகே அவர்கள் பேச வேண்டும். முதலிலேயே பேசினால் அது இன்னொரு விழிப்புணர்வுக் கூட்டம்.

இனி தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனி மாவட்டச் செய்திகளில் தீ விபத்துகள் நாள்தோறும் வருகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் "மின்கசிவு காரணமாக இருக்கலாம்" என்றே முடிகிறது. அந்தச் செய்திகளே எங்களுக்கு மிகச் சிறந்த வாசிப்புப் பகுதிகளாக அமையும், ஐந்து விவரங்கள் சேர்ந்தால்: தீ எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் எரிந்தது என்ன, அதற்கும் வீட்டுக்கும் எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், வண்டி வந்துசேர எவ்வளவு நேரம். செய்தியாளர்கள் இதைச் சம்பவ இடத்தில் பத்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து ஆறு சனிக்கிழமைகள், மாவட்டப் பக்கத்தில் அரைப் பக்கத்தை உரக்க வாசிக்க ஏற்ற பெரிய எழுத்தில் ஒதுக்க முடியுமானால், நகல் எடுக்கும் செலவும் மிச்சம். திடலில் ஐந்தாறு நாளிதழ்கள் எப்படியும் கிடக்கும். பகுதிகளை எழுதித் தரவும் பிழை பார்த்துத் தரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். மார்கழிக்குள் தெரிவித்தால் முதல் பகுதியை, வைக்கோல் கணக்கோடு, அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
ஊர்ப்புற நூலக வாசகர்கள் சிலர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.